கயிற்றின் மறுமுனை

காலையிலிருந்து நானும் என் கணவரும் பேசவில்லை. காய்ந்த போர்வையை மடிக்க மட்டும் வந்து மறுமுனையைப் பிடித்தார். அந்த இழுப்பில் கார்வேட்டிநகரத்து நெல்வயல் கண்முன் வந்தது.

தொண்ணூறுகளில், நைனா குவைத்துக்குப் போக பாஸ்போர்ட் எடுத்ததிலிருந்து அம்மா அவரோடு பேசுவதில்லை. அந்த நேரம் பார்த்துப் பயிரில் இலைசுருட்டுப் புழு விழுந்தது. மருந்தடித்தால் வரப்புக் கீரையைத் தின்ன முடியாதென்று அம்மா இலந்தை முள்ளைக் கயிற்றில் கட்டினாள். அதைப் பயிர்மேல் இழுத்துப் போக இரண்டு பேர் வேண்டும். நைனா தானாகவே எதிர் வரப்பில் போய் நின்றார். முள் உரசியதும் சுருண்ட இலைகள் பிரிந்து, புழுக்கள் தண்ணீரில் கொட்டின. கொக்குகள் பின்னாலேயே வந்தன.

பாதி வயலில் அம்மா கத்தினாள்: "இன்னாய்யா, தூங்கினு வர்றியா? கயிறு தொங்குது பாரு!"

"நீ மெதுவா நடமே. பயிரே புடுங்கினு வந்துடப் போவுது."

பல நாள் கழித்து அதுதான் முதல் பேச்சு.

ஆனாலும் நைனா போனார். அவருடைய முதல் கடிதத்தின் முதல் வரி, "கயித்துக்கு அந்தப் பக்கம் யாரு?" என்பதுதான். அம்மா சொல்லச் சொல்ல நானே பதில் எழுதினேன்: "உன் பொண்ணுதான். உன்ன மாதிரியே தொங்க வுடுறா."

போர்வையை இறுக்கி இழுத்தேன்.

"தொங்குது பாருங்க," என்றேன்.