நீங்கள் ‘கீரி அக்கா’ என்று சிரித்த ஜசிந்தா அக்கா

மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் நான் வேலை செய்யும் மிருக வைத்தியசாலையில், போன செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி அடித்தது. வழக்கம்போல “பொன்ஜூர்” என்றேன். மறுபக்கத்தில் தமிழ் கேட்டது.

“தங்கச்சி, நான் ஜசிந்தாவின்ர அண்ணன் கதைக்கிறன். அவ இண்டைக்கு விடியக் காலமாயிட்டா.”

அவர் எனக்கு மூச்சுவிட நேரம் தரவில்லை.

“அந்தக் கீரி ரெண்டும் அவவின்ர வீட்டில நிக்குது. உங்கட இடத்தில ஊசி போட்டு முடிச்சுவிடுவினமோ? இண்டைக்கே கொண்டுவரலாமோ?”

“கொண்டுவாங்கோ அண்ணை. ஊசி போட இல்லை. நான் வளர்க்கிறன்” என்றேன். அவருக்குப் பெரிய ஆறுதல். தங்கை இறந்த அன்று அந்த மனிதர் முதலில் எனக்கு நன்றிதான் சொன்னார்.

ஜசிந்தா அக்காவை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்களும் வாசியுங்கள். நீங்கள் அறிந்தது கொஞ்சம்.

அவர் மன்னாரைச் சேர்ந்தவர். மணம் முடிக்கவில்லை. மொன்றியலுக்கு வந்தபின், மற்றவர்கள் போதும் என்று உட்காரும் வயதில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள கல்லூரிக்குப் போய் தன் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மிருக வைத்திய உதவியாளராகப் படித்தார். ஏழெட்டு வருடங்களுக்கு முன் எங்கள் வைத்தியசாலையில் சேர்ந்தார். நான் அங்கே வரவேற்பு மேசையில் இருந்தேன். இருவரும் பார்க் எக்ஸ்டென்ஷனில் குடியிருந்ததால் அவருடைய பழைய காரில்தான் போய்வருவோம். பனி கொட்டும் நாட்களில் அவர் செபமாலை சொல்லிக்கொண்டு ஓட்டுவார். நான் என் முருகனைக் கூப்பிடுவேன். யார் கேட்டாரோ, ஒரு நாளும் சறுக்கவில்லை.

முதல் நத்தார்ப் பண்டிகை முடிந்த கிழமை, வைத்தியசாலை வாசலில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே ஒரு ஃபெரட். நீண்ட உடம்பு, குட்டைக் கால், கறுப்பு முகமூடி போட்டது போன்ற முகம். நம்மவர்கள் பார்த்தால் கீரி என்பார்கள். அக்கா அதைத் தூக்கிக் குளிர்சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

“நத்தாருக்கு வாங்கி, வருசப் பிறப்புக்கு எறிஞ்சிருக்கினம். பிள்ளையளுக்கு விளையாட்டுச் சாமான் அலுத்துப்போச்சு” என்றார். அதற்குச் சீனி என்று பெயர் வைத்தார். அடுத்தடுத்து பவுணும் கறுப்பியும் வந்து சேர்ந்தன. அவையும் யாரோ வேண்டாம் என்றவைதான்.

அன்றிலிருந்து புதிதாக ஃபெரட் வாங்கியவர் யார் வந்தாலும் வைத்தியர் பார்க்கும் முன் அக்கா பிடித்துக்கொள்வார். தமிழர் என்றால் கூடுதல் கண்டிப்பு. “இது இறைச்சி தின்னுற சீவன். பாலும் சோறும் முந்திரிகை வத்தலும் குடுத்துச் சாக்கொல்லாதேங்கோ. மணக்குதெண்டு ஒவ்வொரு கிழமையும் குளிக்கவாத்தா இன்னும் கூட மணக்கும். கோடையில வெக்கை வீட்டில பூட்டிவிட்டா அதோட சரி. றப்பர்ச் செருப்பைக் கடிச்சு விழுங்கினா குடல் அடைக்கும். உங்களுக்குத் தடிமன் எண்டா தூக்காதேங்கோ, அதுக்கும் தொத்தும்.” குட்டி எடுக்க ஆசை என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். “முதல் அவ்வளவு குட்டியளுக்கும் வீடு பார்த்து வைச்சிட்டு வாங்கோ. பேந்து கதைப்பம்” என்பார். பேந்து ஒருவரும் வந்ததில்லை.

இதற்கெல்லாம் அவருக்குக் கிடைத்த பட்டம் ‘கீரி அக்கா’. கோயிலடியிலும் சரக்குக் கடையிலும் அவர் காதுபடவே சொல்லிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு சந்திராவின் வீட்டுக் கதை நடந்தது. சந்திரா எங்கள் தெருவில் இருக்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரி. மகள் அடம்பிடித்ததால் யாரோ ஒரு தனியாளிடம் பெண் ஃபெரட் ஒன்றை வாங்கினார். கடைகளில் வருபவை பெரும்பாலும் ஏற்கெனவே அறுவை செய்யப்பட்டவை. இது அப்படி அல்ல. வேனிற்காலம் பிறக்க அதற்கு இணைதேடும் சூடு பிடித்தது. அக்காவும் நானும் போய்ப் பார்த்தோம்.

“சந்திரா, இது நாய் பூனை மாதிரி இல்லை. ஆணோட சேராட்டி இந்தச் சூடு தானா அடங்காது. அடங்காமல் கிடந்தா உடம்பில இரத்தம் ஊறுறது நிண்டுபோம். கெதியாக் கொண்டு வாரும், கருப்பையையும் சூலகத்தையும் எடுத்துவிடுவம்” என்றார் அக்கா.

சந்திரா நாடியில் கைவைத்தார். “ஐயோ பாவம் அக்கா. பொம்பிளைப் பிறப்பெல்லோ. ஒருக்காவாவது தாயாகட்டும். பேந்து வெட்டுவம்.”

“அதுக்கு ஆண் வேணும். அது வந்து சேர முதல் இது செத்துப்போம்.”

“நாங்கள் ஒரு மாப்பிள்ளை பார்க்கிறம்” என்று சந்திரா சிரித்தார். அக்கா விடவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அப்போதுதான் சந்திரா அந்த வார்த்தையைச் சொன்னார்: “உங்களுக்கு அது விளங்காது அக்கா.”

அக்கா எழுந்து சப்பாத்தைப் போட்டார். கதவடியில் நின்று, “எனக்கு விளங்கிறது கிடக்கட்டும். பல்முரசைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளையாப் போனால் உடனை கொண்டு வாரும்” என்றார். காருக்குள் ஏறி, கார்த் திறப்புக்குப் பதிலாக வீட்டுத் திறப்பைப் போட்டுத் திருகப் பார்த்தார்.

மாப்பிள்ளை வரவில்லை. மகளின் சாமத்திய வீட்டு ஆயத்தத்தில் சந்திரா அலைந்துகொண்டிருந்தார். மண்டபம், மணவறை, வீடியோக்காரர் என்று ஆயிரம் வேலை. ஒரு பெண் பெரியவளானதை ஊரைக் கூட்டிக் கொண்டாட இருந்த அந்த வீட்டில், இன்னொரு பெண் சீவன் வால்மயிர் கொட்டிப்போய் மூலையில் கிடந்தது. துவாயில் சுற்றிக் கொண்டுவந்தபோது அதன் முரசு கடதாசி நிறம். வைத்தியர் ஊசி போட்டார், மருந்து ஏற்றினார். அக்கா தன் உள்ளங்கையை அதன் வயிற்றின் கீழ் வைத்துச் சூடு கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கையிலேயே அது அடங்கியது.

சந்திரா அழுதார். அழுது முடித்து, எனக்கும் கேட்க, கூட வந்த சகோதரியிடம் சொன்னார்: “நல்லா நிண்ட சீவன். கண்ணூறு பட்டிட்டுது.” யாருடைய கண் என்று அவர் சொல்லவில்லை. பிள்ளையில்லாத ஒருத்தி அன்று வந்து தாயாக வேண்டாம் என்று சொன்னதை அதற்குள் தெருவே பேசிக்கொண்டிருந்தது. சாமத்திய வீட்டு அழைப்பிதழ் எனக்கு வந்தது, அக்காவுக்கு வரவில்லை. நானும் போகவில்லை. பிறகு எங்கள் ஆட்களில் ஒருவரும் அக்காவிடம் ஆலோசனை கேட்டு வரவில்லை. பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் வந்தார்கள், கேட்டார்கள், அவர்களுடைய பிராணிகள் பிழைத்தன.

சில வருடங்களின் பின் சீனி கிழமாகிச் செத்தது. வைத்தியசாலையிலேயே எரிக்கக் கொடுத்துவிடலாம் என்றேன். அக்கா மாட்டேன் என்றார். உடலைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பவுணுக்கும் கறுப்பிக்கும் முன்னால் வைத்தார். இரண்டும் மணந்து பார்த்தன, சுற்றி வந்தன, காதை நக்கின. பிறகு கூட்டில் தொங்கும் தங்கள் துணித் தொட்டிலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டன.

“ஒண்டு செத்தா மற்றதுக்குக் காட்டவேணும், வசந்தி” என்றார். “காட்டாட்டி அது செத்தது இதுகளுக்குத் தெரியாது. தேடிக்கொண்டே திரியும். சாப்பாடும் எடுக்காது.”

இந்த வருடம் அவருக்குப் புற்றுநோய் என்றார்கள். தெரிந்தபோதே காலம் கடந்திருந்தது. கடைசியாக ஆசுப்பத்திரியில் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டையும் பிரிச்சுப்போடாதேயும். பெட்டி மூட முதல் என்னை ஒருக்கா அவைக்குக் காட்டும். எனக்காக இல்லை வசந்தி, அவைக்காக.” ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை இறுதிச்சடங்கு மண்டபத்தில் அக்காவைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பவுணையும் கறுப்பியையும் கூட்டில் வைத்து, போர்வை மூடி, காரில் கொண்டுபோனேன். வாசலில் நின்ற அவருடைய அண்ணனைத் தனியே கூப்பிட்டு, அக்காவின் ஆசையைச் சொன்னேன்.

“உங்களுக்கென்ன விசரோ?” என்றார். “சனம் நிக்குது, பங்குச் சுவாமியார் நிக்கிறார். செத்த வீட்டில கீரி கொண்டந்து காட்டினதெண்டு நாளைக்குக் கதைக்கமாட்டினமோ?”

“ஒரு நிமிசம் அண்ணை. சனம் போனபிறகு எண்டாலும்.”

“வேண்டாம் தங்கச்சி. அவ உயிரோட இருக்கேக்கை சனம் சிரிச்சது போதும்.”

சிரித்த சனம் உள்ளே பூவோடு நின்றது. சந்திரா ஒலிவாங்கியைப் பிடித்து, பிள்ளையில்லாத குறையை வாயில்லாச் சீவன்களில் தீர்த்துக்கொண்டவ எங்கட ஜசிந்தா அக்கா என்று விம்மினார். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை, வாயில் வசவுதான் வந்தது. விழுங்கிக்கொண்டேன். இங்கே எழுதுகிறேன்: அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் பிழைத்திருக்கும் ஒரு சீவனைக் கொன்றுவிட்டு, பழியை அவர் கண்ணில் போட்டீர்கள். அதை ஒருவரும் அவரிடம் வந்து, தவறு என்று சொல்லவில்லை. இனிச் சொல்லவும் முடியாது.

பெட்டியை மூடினார்கள். நான் வெளியே வந்து காரில் ஏறினேன். போர்வைக்குள் இரண்டும் கீறிக்கொண்டிருந்தன.

அக்கா, நீங்கள் நம்பிய மாதாவின் மடியில் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் செல்லங்களைப் பிரிக்கவில்லை, பிரிக்கவும் மாட்டேன். மற்றதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டோம். பார்த்துவிட்டதால் இனி எங்களில் ஒருவரும் உங்களைத் தேடமாட்டோம். பவுணும் கறுப்பியும் பார்க்கவில்லை. உங்கள் குளிர்சட்டையைத் தொட்டிலில் போட்டிருக்கிறேன். அதில் கொஞ்சம் படுக்கின்றன, எழுந்துபோய் வாசற்கதவின் இடுக்கில் மூக்கை வைக்கின்றன. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்க்கின்றன.