குடிக்காதவன் நெஞ்சில் வைத்த பாட்டில்

என் அண்ணன் ரகுபதி காசிமேட்டு விசைப்படகுல காலம் பூரா வேலை பார்த்தான். கரை ஏறுனதும் மத்தவங்க பாட்டில் ஒடைப்பாங்க, அவன் டீ குடிச்சிட்டு வூட்டுக்கு வந்துருவான்.

அவன் வயிறு வீங்கிச் செத்தப்ப, ஊரே 'குடிச்சே ஈரலைக் கெடுத்துக்கினான்'னு பேசிச்சு. எங்க மாமா பையன் டில்லிபாபு ஒரு குவாட்டர் பாட்டிலைக் கொண்டாந்து பொணத்து நெஞ்சு மேல வெச்சான். குடிகாரனை இங்க அப்படித்தான் வழியனுப்புவாங்க.

ஹெபடைடிஸ் பி கிருமி எங்கம்மாகிட்டருந்து பொறக்கும்போதே எங்க ரெண்டு பேருக்கும் வந்தது. நான் மீன் வித்துகினு நல்லாத்தான் கீறேன். அண்ணனுக்கு ஈரலையே தின்னுடுச்சு. ஆம்பள உடம்பு, பரம்பரை, இதெல்லாம் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும்னு டாக்டரம்மா சொன்னாங்க.

பாட்டிலை எடுத்து டில்லிபாபு கையிலயே திணிச்சேன். "எங்கம்மாகூடப் பொறந்த உங்கப்பாவும் இதே மாதிரி வயிறு வீங்கித்தான் போனாரு. அவரையும் குடிகாரன்னுதான் தூக்குனீங்க. நீ மொதல்ல போய் ரத்தம் டெஸ்ட் எடு."

"எனுக்கு இன்னா கேடு பவானி, கல்லு மாரி கீறேன்"னு சொல்லிகினே மூடியத் திருகுனான். பொணத்து மேல வெச்ச சரக்கை அங்கியே நின்னு அண்ணாந்து ஊத்திக்கினான். வெயில்ல அவன் கண்ணு ரெண்டும் மஞ்சளா இருந்துச்சு.