மாமன் மடி

எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கெடையாது. அது எங்க அப்பா அம்மா செஞ்ச குத்தம். தண்டனை மட்டும் எம் மகளுக்கு. எட்டு வயசு தாண்டியும் பாப்பாவுக்குக் காது குத்தல. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே குத்தணும்? பழனியில எங்க பெரியப்பா மகன்கிட்டப் போய்க் கேட்டேன். “எந்த மலையில பொறந்த பிள்ளையோ, அதுக்கு நான் மாமனா?”ன்னுட்டார். நான் விடுவேனா? தெருவே எட்டிப் பாக்குற மாதிரி கத்திட்டு, “இனி எவன் மடியும் வேணாம், எம் பிள்ளை மூளிக்காதோடவே இருக்கட்டும்”னு சொல்லிட்டு வந்துட்டேன். வீறாப்பு எனக்கு, பள்ளிக்கூடத்துல கேலி அவளுக்கு.

பாப்பா நாங்க எடுத்து வளத்த பிள்ளை. எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கம்பவுண்டர். தாண்டிக்குடிக்கு மேல ஒரு சின்ன ஊர்ல தாயும் தகப்பனும் காய்ச்சல்ல போயிட்டாங்க, பால் குடுக்க ஆளில்லைன்னு கம்பளியில சுத்தி அவளை அந்த ஆஸ்பத்திரியில கொண்டாந்து விட்டிருந்தாங்க. சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து சொன்னார். நான் ஈரக் கையக்கூடத் துடைக்காம ஓடிப் போய்த் தூக்கிட்டு வந்துட்டேன். இதையெல்லாம் பிள்ளைகிட்ட மறைக்கக் கூடாதுன்னு அவருக்கு ஒரு கொள்கை. எனக்கு அந்தக் கொள்கையைக் கண்டாலே ஆகாது.

அப்பல்லாம் எங்க பாத்தாலும் சிரமதானம்னு பேச்சு. ரோடு இல்லாத ஊருக்கு நாமளே போய், கல்லும் மண்ணும் சுமந்து ரோடு போட்டுக் குடுக்கறது. ஒரு கோடை லீவுல நாங்களும் நாலஞ்சு குடும்பமாக் கெளம்பினோம். எந்த ஊருக்குப் போறோம்னு தாண்டிக்குடியில ஜீப்புல ஏறினதுக்கப்புறம்தான் எங்க வீட்டுக்காரர் வாயத் தொறந்தார். பாப்பா பொறந்த ஊராம்! “அடப் பாவி மனுசா!”ன்னு நான் போட்ட சத்தத்துல டிரைவர் பிரேக்கை மிதிச்சுட்டார்.

பாப்பாவுக்கு அந்த ஊர்ல நெசமாவே ஒரு தாய்மாமன் இருந்தான். “எங்க பிள்ளையைக் குடுங்க”ன்னு அவன் வந்து நின்னா? எங்க கையில ஒரு துண்டுக் காகிதம் கெடையாது. “இந்தா பாரு, நீ யாருன்னு அங்க ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. விட்டா தோலை உரிச்சிருவேன்”னு பாப்பாவை மிரட்டி வச்சேன். நல்லாத்தான் தலையை ஆட்டுனா.

போய் மொதக் கூடை மண்ணைக் கொட்டல, அதுக்குள்ள ஊருக்கே சொல்லிட்டா. “நான் இங்கதான் பொறந்தேன், தெரியுமா?”ன்னு இடுப்புல கை வச்சுக்கிட்டு ஒரு கேள்வி. மண்வெட்டி எல்லாம் அப்படியே நின்னு போச்சு. பொம்பளைக எல்லாம் சுத்தி வளைச்சு, தாடையப் பிடிச்சுப் பாத்து, “அவ ஆத்தா மூஞ்சியேதான்டி!”ன்னு ஒரே கூப்பாடு. யாரோ ஓடிப் போய்ச் சொல்லிப் பூண்டுக் காட்டுல இருந்து மாமன்காரன் வந்தான். எளவட்டம். முழங்கை வரைக்கும் மண்ணு. பாப்பாவைப் பாத்துக்கிட்டே நின்னவன் என்கிட்டத் திரும்பி, “ஏங்க, இன்னும் காது குத்தலையா?”ன்னான்.

“மாமன் இல்லாம எப்படிக் குத்துறதாம்?”னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம்தான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். என் வாய் இருக்கே, அது எனக்கே எதிரி.

“அதான் நான் இருக்கேன்ல! ஏலே, வெரசாப் போய் ஆசாரியக் கூட்டியாங்கலே!”ன்னு அவன் ஒரு சத்தம் போட்டான். நாளைக்கு வெள்ளனே காதுகுத்துன்னு ஊரே முடிவு பண்ணிருச்சு. ரோட்டுச் சோலி அன்னிக்கே போச்சு.

மறுநாள் காலையில தலைக்கு ஊத்திப் பூ வச்சு அவளை ரெடி பண்ணி வச்சாச்சு. மாமன் சம்மணம் போட்டு உக்காந்து ரெண்டு கையையும் நீட்டினான். பிள்ளையை விட எனக்கு மனசு வரல. அவ கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அத்தனை பேர் முன்னாலயும் கேட்டுட்டேன். “இந்தாப்பா, மடியில வாங்கிட்டு எம் பிள்ளையை அப்படியே வச்சுக்கிடலாம்னு பாக்குறியா? நீ மாமன்னா அப்ப நான் யாரு?”

அவன் முழிச்சான். “என்னங்க இப்படிக் கேக்குறீங்க? மாமன்னா அம்மா கூடப் பொறந்தவன். இவளுக்கு அம்மா நீங்க. அப்ப நீங்க எனக்கு அக்கா. இதுல என்ன கெடக்கு?”

அப்புறம் மெதுவாச் சொன்னான். “நான்தான்க்கா அன்னிக்கு இவளைத் தூக்கிட்டு எறங்கினேன். வரும்போது வெறும் கம்பளியைக் கக்கத்துல வச்சுக்கிட்டு மலை ஏறினேன். பொழைச்சாளோ என்னவோன்னு அதை எடுத்து எடுத்துப் பாப்பேன். உசுரோட கொண்டாந்து கண்ணுல காட்டிட்டீங்க. உங்ககிட்ட இருந்து நான் எதுக்குப் பிடுங்கப் போறேன்?”

நான் லேசுல அழுற ஆள் இல்ல. அன்னிக்கு மூக்கைச் சிந்திச் சிந்தி முந்தானை நனைஞ்சு போச்சு. நானே பாப்பாவைத் தூக்கி அவன் மடியில வச்சேன். அந்தக் கம்பளிதான் அவனுக்குக் கீழே விரிச்சுக் கெடந்துச்சு.

தோட்டுக்கு என்ன பண்றதுன்னு நான் யோசிக்குமுன்ன, அவன் தன் காதுல கெடந்த கடுக்கனைக் கழட்டி ஆசாரி கையில குடுத்துட்டான். எங்க வீட்டுக்காரர் பஞ்சும் ஸ்பிரிட்டுமா உள்ளே பூந்தார். “இந்த ஊர்க் காது பூராம் நான் குத்துனதுய்யா, தள்ளும்”னு ஆசாரி அவரைக் கடிஞ்சார். பாப்பா போட்ட கூச்சல் தாண்டிக்குடி வரைக்கும் கேட்டிருக்கும். போதாததுக்கு மாமன் கையில ஒரு கடி. அவன் கையை உதறிக்கிட்டே சிரிக்கிறான், ஊரே சிரிக்குது. வாயில வெல்லத்தைத் திணிச்சதும்தான் அடங்கினா.

எப்படியோ ரோடும் முக்கால்வாசி போட்டோம். கெளம்புற அன்னிக்கு அவன் ஒரு சாக்குப் பூண்டோட ஜீப்புகிட்ட வந்தான். ஒரு தட்டுல சேலை, வெத்தலை, மஞ்சள், குங்குமம். பாப்பாவுக்குன்னு நெனச்சேன். “உங்களுக்குத்தான்க்கா”ன்னு என் கையில குடுத்துட்டு, நிமிந்து பாக்காம தட்டுல வெத்தலையைச் சரி பண்ணிக்கிட்டு நின்னான். பாப்பா அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டு விட மாட்டேன்னுட்டா. இந்தத் தடவை எனக்குப் பயம் வரல.

அடிவாரத்துல பஸ் மாறினோம். சாக்கு மணம் தாங்காம கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கிட்டு, “பஸ்ஸே மணக்குது! எங்கேருந்தும்மா வர்றீங்க?”ன்னார். நான் பதில் சொல்ல வாயெடுக்குமுன்ன, வீங்கின காதைப் பிடிச்சுக்கிட்டுப் பாப்பா சொன்னா:

“எங்கம்மா பொறந்த வீட்டுல இருந்து.”