சீலிங்குக்காகப் போன மீசை

பூச்சு வேலைக்காரர்களுக்குள் அவர் பெயர் மீசைக்காரர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரமாகும். முகத்தில் பாதியை மீசைக்கே எழுதிக் கொடுத்திருந்தார்.

அவருக்கு ஒரு வாடகை வீட்டின் பழைய சீலிங் வந்து வாய்த்தது. கோபம் வந்த முள்ளம்பன்றியைத் தலைகீழாக ஒட்டியது போல, முள் முள்ளாக நிற்கும் பூச்சு. அதன் கீழே கைக்குழந்தையோடு ஒரு பெண் குடியிருந்தாள். சோதனைக்கூடத்து ஆள் வந்து, தண்ணீர் தெளித்து, ஒரு சிட்டிகை எடுத்துப் போனார். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கிறது என்று பதில் வந்தது.

"சுரண்டித் தள்ளிட்டுப் பூசுப்பா. தூசிதானே!" என்றார் வீட்டுக்காரர், தெருவில் நின்றபடி. தூசி என்றால் அவர் உள்ளே வருவதில்லை.

இந்தத் 'தூசிதானே'வில் எத்தனை ஏழைகளின் நுரையீரல் போயிருக்கிறது! கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போனால் வெளியே வராது. விற்றவர்களுக்கு இது தெரியும். சுரண்டியவர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. மீசைக்காரரின் அண்ணன் சுரண்டியவர். இன்று ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நடுவில் உட்கார்ந்துகொள்கிறார்.

அதனால் மீசைக்காரர் சுரண்ட மறுத்தார். முள்ளைத் தொந்தரவு செய்யாமல் பசை பூசி இறுக்கி, மேலே கனமாகச் சாந்து பூசி மூடிவிடுவதென்று முடிவு. தாயும் குழந்தையும் அக்கா வீட்டுக்குப் போனார்கள். முகமூடிதான் சிக்கல். மீசை மேல் அது படிந்து உட்காரவில்லை. ஓரத்தில் காற்று புகுந்தது.

"மடிச்சு உள்ள விட்டுக்கறேன்" என்றார் மனைவியிடம்.

"விட்டுக்கிட்டு மாட்டுங்க, காத்து புகுதான்னு பாத்துடலாம்." அவள் மிளகுப்பொடியை உள்ளங்கையில் கொட்டி அவர் முகத்துக்கு நேராக ஊதினாள். தும்மிய தும்மலில் முகமூடி நெற்றிக்குப் போய்விட்டது.

"மெழுகு தடவி அமுக்கிக்கறேன்."

ஊதினாள். தும்மினார்.

"ஏங்க, அதையே கட்டிக்கிட்டு அழுங்க. அண்ணன் மாதிரி நீங்களும் மூச்சுக்குத் தவிச்சா, மீசையா வந்து முதுகைத் தடவும்?"

அவர் கண்ணாடி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது மனைவி அவர் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு சின்ன வாயா? இதுவா என்னை இத்தனை வருஷமா அதட்டுச்சு?"

"ஊதுடி."

ஊதினாள். அவர் அசையவில்லை. ஊதியவள்தான் தும்மினாள்.

வேலை முடிந்து, ஈரத்துணியால் எல்லாம் துடைத்த பிறகு, வீட்டுக்காரர் தைரியமாக உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்கே!"

"மூடித்தான் சார் இருக்கு, போயிடல. இதுல ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது."

"அதைச் சொல்ல நீ யாருய்யா? மீசைக்காரர் வந்து சொல்லட்டும்."

மீசைக்காரரின் கை தானாக மேலுதட்டுக்குப் போனது. முறுக்க ஒன்றுமில்லை.

"மீசை வீட்ல பொட்டலமா இருக்கு சார். எடுத்துட்டு வந்து சொல்லச் சொல்லட்டுமா?"

திரும்பி வந்திருந்த பெண் குழந்தையைத் தரையில் கிடத்தினாள். "நாங்க ஆணி அடிக்க மாட்டோம்ணே" என்றாள். குழந்தை வாயைப் பிளந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டது. மேலிருந்து எதுவும் விழவில்லை.