பாமாயிலுக்கு எதிராக ஒரு பொட்டலம் சிப்ஸ்

எங்கள் வீட்டில் டி.வி.யில் பட்ஜெட் ஓடினால் கிரிக்கெட் பார்ப்பது மாதிரிதான் இருக்கும். ஆளுக்கு ஒரு அணி. எனக்கு இலஞ்சியில் தென்னந்தோப்பு. என் மனைவிக்குக் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. வெளிநாட்டிலிருந்து வருகிற பாமாயிலுக்கு அரசாங்கம் வரியைக் கூட்டினால் என் தேங்காய்க்கு மதிப்பு வரும், நான் துள்ளுவேன். வரியைக் குறைத்தால் அவளுக்கு எண்ணெய் மலிவாகக் கிடைக்கும், அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தோசை ஊற்றுவாள். எப்படி ஆனாலும் அன்றைக்கு எங்களில் ஒருவர் சரியாகச் சாப்பிட மாட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது அந்தக் கடை ஒன்றைத்தான். தகரக் கூரை, ஒரு அடுப்பு, பெரிய வாணலி, முன்னால் தொங்கும் வாழைத்தார். அவ்வளவுதான் கடை. அதுவும் வாடகைக்கு. ஒரு வருஷம் ஓட்டிப் பார், ஓடவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று நான் பெரிய மனசோடு நிபந்தனை போட்டிருந்தேன். கடை திறந்த அன்று அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்ட விதத்தைப் பார்த்தால், அதைத் திரும்பக் கொடுக்கிற எண்ணமே இல்லை என்று தெரிந்தது.

நானோ எங்கள் பக்கத்துத் தென்னை விவசாயிகள் சங்கத்தில் பொருளாளர். பதவி பெரிதில்லை. கூட்டத்துக்கு டீயும் பலகாரமும் ஏற்பாடு பண்ணுகிறவனுக்கு எங்கள் சங்கத்தில் அப்படி ஒரு பெயர். அந்த வருஷம் தென்காசியில் ஓர் ஆர்ப்பாட்டம் நடத்துவது என்று முடிவானது. ஒரே கோரிக்கை: பாமாயில் இறக்குமதிக்கு வரியைக் கூட்டு. பலகாரம் என் பொறுப்பு. நாலு கடையில் விசாரித்தேன். மலிவாகச் சொன்னது என் மனைவிதான். அவளிடமே சிப்ஸுக்குச் சொல்லிவிட்டு, வீட்டுக்கும் நன்மை, சங்கத்துக்கும் நன்மை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மலிவு எப்படி வந்தது என்று யோசிக்க எனக்கு ஒழியவில்லை, கோஷம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆர்ப்பாட்டம் ஜோராக நடந்தது. சாரல் நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. "விடமாட்டோம் விடமாட்டோம், பாமாயிலை விடமாட்டோம்" என்று தொண்டை வறளக் கத்தினோம். அப்போது ஒரு ஆட்டோவில் என் மனைவி கோணிப்பை நிறையச் சிப்ஸ் பொட்டலங்களோடு வந்து இறங்கினாள். கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லோரும் பாய்ந்தார்கள். மைக் முன்னால் நின்ற தலைவர்கூட ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, "நம்ம ஊர் ருசி எவனுக்கு வரும்?" என்று முழங்கினார். கைதட்டல்.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ்காரருக்கும் ஒரு பொட்டலம் போயிருந்தது. மனிதர் ருசித்துத் தின்றுவிட்டு, சும்மா இருக்காமல் கேட்டார். "எக்கா, நல்லா மொறுமொறுன்னு இருக்கே. எந்த எண்ணெயில போட்டது?"

"பாமாயில் அண்ணாச்சி" என்றாள் அவள், கூசாமல்.

தலைவர் மைக்கை அணைத்திருக்கவில்லை. அவர் மெல்லுவதை நிறுத்திய சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு அந்த இடத்திலேயே மறைந்து போய்விடலாம் போல் இருந்தது.

"ஏல தம்பி, வீட்டுக்குள்ள பாமாயில வச்சிக்கிட்டு எங்கள ரோட்டுல நிக்க வச்சிருக்கியே" என்றார் தலைவர்.

நான் அவளைத் தனியே இழுத்துப் போய்ப் பல்லைக் கடித்தேன். "ஏட்டி, இன்னைக்காவது தேங்காயெண்ணெயில போட்டிருக்கக் கூடாதா?"

"நான் சொன்ன வெலைக்குத் தேங்காயெண்ணெய மோந்து பாக்கத்தான் முடியும். ஒங்க சங்கத்துல யாராவது தேங்காயெண்ணெய் வெல குடுத்து வாங்குதியளா, சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தால் பொட்டலத்தை ஒருவர்கூடக் கீழே போட்டிருக்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு தின்றுகொண்டிருந்தார்கள்.

எங்கள் கோஷம் டெல்லி வரை கேட்டதோ என்னவோ, கொஞ்ச காலத்தில் வரியைக் கூட்டிவிட்டார்கள். தேங்காய் வியாபாரி தோப்புக்கே வந்து என்னை "மொதலாளி" என்று கூப்பிட்டான். சங்கத்தில் லட்டு கொடுத்தோம். எதில் பொரித்த லட்டு என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை.

ஐயப்ப சீசன் வந்தது. மலைக்குப் போகிற வண்டிகள் குற்றாலத்தில் நின்று குளித்துவிட்டுச் சிப்ஸ் வாங்குவது வழக்கம். பாமாயில் விலை ஏறியதால் என் மனைவி பொட்டலத்தைச் சிறிதாக்கினாள். வாங்குகிறவர்கள் அதைக் கையில் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார்கள். பெரிய கடைக்காரர்கள் பழைய விலைக்கு எண்ணெய் வாங்கி அடுக்கியிருந்தார்கள், தாங்கினார்கள். இவளால் முடியவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"சொன்னபடி குடுத்துருதேன். ஒங்க தேங்காயாவது நல்லா இருக்கட்டும்" என்றாள்.

சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சண்டையே போடவில்லை. நான் கேட்டுக் கத்தி வாங்கின வரி, நேராக வந்து என் வீட்டு மேசைமேல் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் வியாபாரியிடம், கொப்பரையில் பாதி உனக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டு, இலத்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்குக் கொண்டுபோய் ஆட்டினேன். எண்ணெய் கேனோடு கடைக்குப் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்காமல் கேனை மட்டும் பார்த்தாள்.

"இது என்ன வெல?"

"ஒனக்கு எதுக்கு வெல?" என்றேன், வள்ளல் மாதிரி.

"ஓசியில கட நடத்த மாட்டேன். சிப்ஸ் வித்த பொறவு வெல போட்டுக்கிடுவோம். ஆனா வெளிய இருந்து என் கடைக்குள்ள வாற சரக்குக்கு ஒரு வரி உண்டு."

"என்ன வரி?"

"ஞாயித்துக்கெழமதோறும் வந்து காய் சீவணும்."

சங்கத்துப் பொருளாளர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காய் சீவ உட்கார்ந்தேன். தேங்காயெண்ணெய் காய்ந்து வாசம் கிளம்பியதும், கேரளா வண்டி ஒன்று தாண்டிப் போய், பிரேக் போட்டு, பின்னோக்கி வந்து நின்றது. இறங்கிய அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சேச்சி, வெளிச்செண்ணயிலாணோ?" என்று, தேங்காயெண்ணெயில் போட்டதா என மலையாளத்தில் கேட்டாள். என் மனைவி தலையை நிமிர்த்தி "ஆமா" என்றாள். நான் பாராட்டை எதிர்பார்த்து எட்டிப் பார்த்தேன். சேச்சியைப் பார்த்ததோடு அந்த அம்மாள் சரி, சீவுகிறவனைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் வண்டிகள் நின்றன. பொட்டலம் விலை கூடுதல்தான், வாங்கினார்கள். சாவி மேசையிலிருந்து முந்தானைக்குத் திரும்பியது.

அடுத்த சாரல் சீசன் தொடங்குகிற சமயம் டி.வி.யில் செய்தி: பாமாயில் வரியைக் குறைத்துவிட்டார்கள். எனக்குக் கலக்கம். சரி, வீட்டில் ஒருத்தியாவது சந்தோஷப்படட்டும் என்று, தோசைக் கல்லில் பாட்டுச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவள் கரண்டியோடு டி.வி. முன்னால் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"அநியாயமால்லா இருக்கு! பக்கத்துக் கடக்காரன் நாளைக்கே பாமாயில்ல போட்டுப் பாதி வெலைக்கு விப்பானே! ஒங்க சங்கம் என்ன தூங்குதா?"

நான் டி.வி. சத்தத்தைக் குறைத்தேன்.

"ஆர்ப்பாட்டம் எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். "கொடிய நான் புடிக்கேன். நீங்க சிப்ஸப் பொரிச்சிக் கொண்டாங்க."