மெதுவாகப் போ என்று சொல்ல ஒரு வழி

யூ.எஸ்.பி. வேகங்களுக்குப் பெயர் வைத்தவர்களை நேரில் கண்டால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும். முதலில் வந்த வேகங்களுக்கு 'லோ ஸ்பீட்', 'ஃபுல் ஸ்பீட்' என்று வைத்தார்கள். ஃபுல்லுக்கு மேல் இனி ஒன்றும் வராது என்று நினைத்தார்களாக்கும். பிறகு அதைவிடப் பல மடங்கு வேகமானது வந்தது. அது 'ஹை ஸ்பீட்'. அதற்கு மேல் 'சூப்பர்', சூப்பருக்கும் மேல் இன்னொன்று. கருவிக்கும் கணினிக்கும் நடுவில் நின்று பேசுகிற மென்பொருளுக்கு ட்ரைவர் என்று பெயர். இந்தக் கூத்தையெல்லாம் ஒழுங்குபடுத்தி, அந்த ட்ரைவர் எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று வகுப்பதுதான் என் தொழில். எங்கள் ஊரின் ஓர்ஸ் ஹில் பகுதியில், உள்துறைமுகப் பக்கம் ஜன்னல் திறக்கும் அறையில் இருந்துகொண்டு, நான் ஒருநாளும் போயிராத நாடொன்றில் இருக்கும் நிறுவனத்துக்கு அதைச் செய்து கொடுக்கிறேன்.

நிறுவனம் செய்வது பார்வையற்றவர்களுக்கான பிரெயில் பலகை. திரையில் இருக்கும் ஒரு வரி, பலகையில் சிறு முனைகளாக எழும்பி நிற்கும். விரலால் தடவி வாசிக்கலாம். வாசித்து முடிந்ததும் அந்த முனைகள் தாழ்ந்து அடுத்த வரி எழும்பும். என் அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பரிசோதனைக்கு எனக்கு அனுப்பிய பலகைகளில் ஒன்றை அக்காவின் வேலைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்கள். அதைப் படம் எடுத்துத் தங்கள் இணையத்தளத்திலும் போட்டுக்கொண்டார்கள்.

அக்காவுக்கு நகரத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கும் விருந்தினர் விடுதி ஒன்றில் வேலை. தொலைபேசியில் அறை கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கணினி வாசித்துச் சொல்லும் குரலை அவளால் அங்கே பயன்படுத்த ஏலாது. ஒரு காதில் வாடிக்கையாளர், மறுகாதில் இயந்திரம் என்றால் இரண்டும் குழம்பிவிடும். ஆகவே விரல்தான். வலது கையில் ரிசீவர், இடது கை பலகையில். எந்த அறை, எந்த நாள், யார் பெயரில் என்று தடவிக்கொண்டே சிரித்துக் கதைப்பாள். அவளுடைய குரலுக்கு மயங்கி அறை எடுத்தவர்களும் உண்டு. நான் சொன்னால், "போடி, உனக்குப் பொறாமை" என்பாள். அந்த வேலைக் கதிரையில் உட்கார்ந்திருக்கும்போது அக்காவின் முகத்தில் இருந்த கெத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிறகு பிழைகள் வரத் தொடங்கின. ஆள் இருக்கும் அறையை வேறொருவருக்குக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை கேட்டவருக்கு வியாழன் என்று சொன்னாள். வவுனியாவிலிருந்து குழந்தை குட்டிகளோடு வந்த குடும்பம் ஒன்று, அறை இல்லாமல் வாசலில் நின்று சத்தம் போட்டது. முகாமையாளர் மிக மரியாதையானவர். ஏசவில்லை. "பிழை ஆருக்கும் வரும்தானே. நீங்கள் கொஞ்ச நாளைக்கு வீட்டிலை நிண்டு ஆறுதல் எடுங்கோ. நான் சொல்லி அனுப்புறன்" என்றார். அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு வந்த அக்கா தன் விரல்களைச் சந்தேகிக்கத் தொடங்கினாள். நுனி மரத்துவிட்டதோ என்று தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்தாள். சீனி வருத்தமாக இருக்குமோ என்று இரத்தம் சோதித்தாள். ஒன்றும் இல்லை என்று வந்தும் தேநீரில் சீனியை நிறுத்தினாள்.

நான் பலகையை என் கணினியில் மாட்டிப் பார்த்தேன். மத்தியானத்துக்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. பலகையில் கணினியின் கேபிள் செருகும் துளைக்குள் உப்புக்காற்று பட்டு உலோக இணைப்பு முனைகள் அரித்திருந்தன. கேபிளை மாற்றிப் பயனில்லை, துளை பலகையோடு பொருத்தப்பட்டது. மின்சாரம் வரும் முனைகள் தப்பிவிட்டன. தரவு போகும் முனைகள்தான் கெட்டிருந்தன. இந்தப் பலகை இணைந்ததும் ஹை ஸ்பீடுக்கு ஏறும். அந்த வேகத்தை அரித்த முனைகள் தாங்காது, இணைப்பு அறுந்து விழும், பிறகு தானாக மீண்டும் ஏறும். விழுந்து கிடக்கும் அந்தச் சில விநாடிகளில் மின்சாரம் இருப்பதால் பிரெயில் எழுத்தின் முனைகள் தாழ மாட்டா. பழைய வரி அப்படியே விரலுக்குக் கீழே நிற்கும். அக்கா சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். அவள் வாசித்தது முந்தின ஆளின் வரி.

இதில் கொடுமை என்னவென்றால், பிரெயில் பலகைக்கு ஹை ஸ்பீடே தேவையில்லை. ஒரு வரி எழுத்தை அனுப்ப ஃபுல் ஸ்பீட் தாராளம். அந்த வேகத்தில் அதே அரித்த துளை விழாமல் நின்றது. நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன். ஆனால் விடுதிக் கணினி நிறுவனத்தின் முத்திரை இல்லாத ட்ரைவரை ஏற்காது. நான் வீட்டில் திருத்தி எழுதியது என் கணினிக்கு மட்டும்தான் உதவும். ஃபுல் ஸ்பீடுக்கு மேல் போகாத பழைய யூ.எஸ்.பி. ஹப் (பல கேபிள்களைச் செருகும் சிறு பெட்டி) ஒன்றை நடுவில் மாட்டினாலும் போதும் என்று நகரத்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். கிண்ணியாக்காரர் ஒருவரின் கடையில் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் வேகமா ஓடுறதைத்தான் கேக்கிறாங்க. நீங்க மெதுவா ஓடுறது கேக்கிறீங்களே தங்கச்சி" என்று சிரித்தார். அவரிடமும் இருக்கவில்லை.

ஆகவே முறைப்படி கேட்டேன். ட்ரைவரின் இடைமுகத்தில் அதுவரை இரண்டு கேள்விகள்தான் இருந்தன: உன்னால் எவ்வளவு வேகம் போக ஏலும்? இப்போது எவ்வளவு வேகத்தில் போகிறாய்? மூன்றாவதாக ஒரு கட்டளையைச் சேர்க்கச் சொன்னேன்: இந்த வேகத்துக்கு மேல் ஏறாதே. எங்கே பொருத்த வேண்டும், யார் கேட்கலாம், கருவி மறுத்தால் என்ன பதில் என்று எல்லாவற்றையும் எழுதி, அக்காவின் பலகையில் எடுத்த பதிவுகளையும் இணைத்தேன்.

எங்கள் குழுத் தலைவர் கூட்டத்தில் அதை இரண்டு நிமிடத்தில் தள்ளிவிட்டார். வேகத்தைக் குறைக்க ஒரு வசதி கொடுத்தால் நம் கருவியில் கோளாறு என்று வாடிக்கையாளர்கள் நினைப்பார்களாம். துளை அரித்திருந்தால் புதுப் பலகை வாங்கச் சொல்ல வேண்டுமாம். இது மிக அரிதான சந்தர்ப்பமாம். கடலோரம் இருந்து வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அவருக்கு அரிதான சந்தர்ப்பம். விடுதிக்குக் காட்ட ஒரு வரி எழுதித் தாருங்கள், பலகையில் இப்படி ஒரு குறை வரக்கூடும் என்று மட்டும் எழுதுங்கள் என்று கெஞ்சினேன். அறியப்பட்ட குறை எதுவும் இல்லை என்று பதில் வந்தது. நான் அந்த நிறுவனத்தின் ஆள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேலையை விடவில்லை. விட்டால் வீட்டில் இரண்டு பேரும் சும்மா இருக்க வேண்டும்.

முகாமையாளரிடம் நானே போனேன். பதிவுகளைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஓம் ஓம், விளங்குது. தங்கச்சி எண்டபடியால் அக்காவுக்காகக் கதைக்கிறியள். நல்ல பிள்ளை" என்றார். அக்காவின் கதிரையில் அப்போதே சாம்பல்தீவிலிருந்து வரும் ஒரு பெண் இருந்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அக்காவுக்கும் செய்து காட்டினேன். அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தரவை மட்டும் துண்டித்தேன். பழைய வரி நின்றது. "பார் அக்கா, இதுதான் நடந்தது" என்றேன்.

"இது நீ வேணுமெண்டு செய்தது. அங்கை ஆர் வந்து இப்பிடிச் செய்தது?"

"தானா விழுந்திருக்கு. என்ரை கணினியிலை எல்லாம் பதிவாகியிருக்கு."

"நீ சொல்லுறாய். பலகை செய்யிற ஆக்கள் குறை இல்லை எண்டெல்லோ எழுதியிருக்கினம். அவையள் ஒத்துக்கொள்ளட்டும், நான் நம்புறன்."

தங்கை ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அவளும் முடிவு கட்டிவிட்டாள். பலகையைத் துணியால் மூடி அலுமாரிக்குள் வைத்தாள்.

அடுத்த மழைக்காலம் முடிந்தபோது நிறுவனத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ட்ரைவரில் ஒரு புதிய வசதி வருகிறதாம், பரிசோதிக்க வேண்டுமாம். திறந்து பார்த்தேன். இந்த வேகத்துக்கு மேல் ஏறாதே. என்னுடைய மூன்றாவது கட்டளை. கருவி மறுத்தால் என்ன பதில் என்று நான் எழுதியிருந்த பகுதிகூட அப்படியே இருந்தது. எழுதியவர் பெயர் வேறு. பெரிய வாடிக்கையாளர் ஒருவர், பலகை மடிக்கணினியின் பட்டரியைக் குடிக்கிறது என்று முறைப்பட்டாராம். ஹை ஸ்பீடில் மின்சாரம் கூடச் செலவாகும். அதற்காகக் கிடுகிடுவென்று செய்து முடித்துவிட்டார்கள். "உன்னிடம்தானே அந்தப் பழுதான பலகை இருக்கிறது?" என்று தலைவர் கேட்டிருந்தார். குறையே இல்லாத பலகை திடீரென்று பழுதான பலகை ஆகிவிட்டது, அதுவும் அவருடைய வாயால்.

ஆனால் இந்த முறை ட்ரைவரில் நிறுவனத்தின் முத்திரை இருந்தது. அக்காவை நம்ப வைக்க அது போதும் என்று நினைத்தேன். பலகையை எடுத்து மாட்டி, அவளைப் பக்கத்தில் இருத்தினேன். முதலில் மாட்டேன் என்றாள். பிறகு கையை வைத்தாள். பத்திரிகைச் செய்தி, சமையல் குறிப்பு, கடிதம் என்று அகப்பட்டதையெல்லாம் திறந்து கொடுத்தேன். பொழுது சாயும்வரை வாசித்தாள். இணைப்பு ஒருதரம்கூட விழவில்லை.

"பாத்தியா அக்கா, இப்ப அவையளே திருத்திப்போட்டினம்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. அவ்வளவு காலத்துக்குப் பிறகு அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

"உண்மையாவோ? என்ன எண்டு எழுதியிருக்கினம்? வாசி, வாசி."

புதிய ட்ரைவரோடு வந்த குறிப்பில் இருந்ததே இரண்டு வரி. பொய் சொல்லியிருக்கலாம். அவள் தன் பலகையில் தானே வாசித்துவிடுவாள் என்று தெரிந்ததால் உள்ளதை வாசித்தேன். வேகத்துக்கு வரம்பு வைக்கும் புதிய வசதி. இதனால் பட்டரி கூடுதல் நேரம் நிற்கும்.

"இணைப்பு விழுறதைப் பற்றி?"

"இல்லை."

"வரி பழசா நிக்கிறதைப் பற்றி?"

"இல்லை அக்கா. ஆனா அது..."

"பட்டரிக்காகத்தான் செய்திருக்கினம்" என்றாள். "அப்ப அது என்ரை விரல்தான்" என்று சொல்லிவிட்டு, பலகையை மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.