ஆளுக்கு மூணு விரல்

போன ஞாயிற்றுக்கிழமை பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டோரம் இருக்கிற ஒரு லாரிப் பட்டறையில், வாத்தியாரிடம் அடி வாங்கப்போகிறவன் மாதிரி வலது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் என் சினேகிதன் ஜமால். அவனும் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றான். எங்கள் இருவருக்கும் வயது ஐம்பத்து நான்கு.

நீட்டச் சொன்னவர் பட்டறைக்காரர் செல்வம். எதற்காக நீட்டச் சொன்னார்? அதற்கு ஒரு வருடம் பின்னால் போக வேண்டும்...

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு ஜமாலின் காண்டசா கார் நினைவிருக்கும். போன வருடம் அதைப் பற்றி இங்கே ஒரு வாரம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜமால் வளைகுடாவில் ஒரு கேரேஜில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன். அங்கே முதலாளிக்குப் பழைய அமெரிக்கக் கார்கள் மேல் பைத்தியம். நீள மூக்கு, பெரிய இன்ஜின், தரையோடு பதுங்கின மாதிரி உடம்பு. அவற்றைத் துடைப்பதும் கழற்றி மாட்டுவதும்தான் ஜமாலின் வேலை. ஒன்றிலாவது உட்கார்ந்து ஊர் சுற்றியிருப்பானா என்றால், கிடையாது.

ஊருக்குத் திரும்பியதும் தனக்கென்று அவன் வாங்கிய ஒரே பொருள் இந்தக் கார்தான். நம் ஊரில் அந்த ஜாடைக்குக் கிட்டத்தில் வருவது பழைய காண்டசா மட்டும்தானே? அதுவும் அவனுக்காக மட்டும் வாங்கியதில்லை. அவன் மனைவி ரஹ்மத் அந்தப் பதினெட்டு வருடமும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கல்யாணம், துக்கம் என்று எல்லாவற்றுக்கும் தன்னந்தனியாக பஸ்ஸில் போய் வந்தவர்.

"இனிமே அவ பஸ் ஸ்டாண்டுல நிக்கக் கூடாதுப்பா. எம் பக்கத்துல உக்காந்து வரணும்" என்றான் ஜமால். கார் வாங்கிய அன்றைக்கு அவன் சொன்ன ஒரே காரணம் இதுதான்.

வாங்கியதோடு சும்மா இருந்தோமா? இல்லை. முதலாளியின் கார் மாதிரியே இதுவும் பதுங்கி நிற்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. எனக்கு? போட்டோ எடுத்து இந்தப் பக்கத்தில் போட வேண்டும் என்று ஆசை. காரை இறக்குவதற்கு நம்மூரில் ஒரு சுருக்குவழி உண்டு. முன்சக்கரங்களுக்கு மேலே இருக்கும் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றி, கொஞ்சம் வெட்டிவிட்டு, திரும்ப மாட்டிவிடுவது. ஸ்பிரிங் குட்டையானால் வண்டி இறங்கும். அவ்வளவுதான் வித்தை. நல்ல மெக்கானிக்குகள் இதைச் செய்ய மாட்டார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

எவ்வளவு இறக்குவது? "டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல மூணு வெரல் கேப்பு" என்றான் ஜமால். சரி என்றேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்டோம். வலப்பக்கம் அவன். இடப்பக்கம் நான். அவன் வெட்டி மாட்டி, மூன்று விரலை நுழைத்துப் பார்த்துத் தலையாட்டினான். நானும் வெட்டி மாட்டி, மூன்று விரலை நுழைத்துப் பார்த்துத் தலையாட்டினேன்.

கார் இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

போட்டோவில் எனக்குத் தெரியவில்லை. திருச்சுழியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார் – "சார், கார் ஏன் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது?"

சாய்ந்து நிற்பது கண்ணுக்குத்தானே அசிங்கம், போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் இடப்பக்கம் அதிகமாக இறங்கியதால், ஒவ்வொரு குழிக்கும் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் முழுசாக அமுங்கி டங்கென்று இடித்தது. எங்கள் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே எத்தனை வேகத்தடை என்று உங்களுக்குத் தெரியாதா? இடி விழும் அந்த இடப்பக்கம் உட்கார்ந்திருப்பது யார்? ரஹ்மத்.

மூன்று தடவை ஏறினார். மூன்றாவது தடவை கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சண்டையெல்லாம் போடவில்லை. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். சண்டை போட்டிருந்தால்கூட ஜமால் தாங்கியிருப்பான்.

அதற்குப் பிறகு ஒரு வருடமும் எங்களுக்குள் ஒரே வழக்குதான். "உன் பக்கம் ஒசரமா இருக்கு, இன்னுங் கொஞ்சம் வெட்டு" என்பேன் நான். "ஏலே, நீதான் கூட வெட்டிட்ட. உன் பக்கத்து ஸ்பிரிங்குக்கு அடியில எதாச்சும் அண்டக் குடுத்துத் தூக்கு" என்பான் அவன். மூணு விரல் என்றால் மூணு விரல்தானே? நான் சரியாகத்தான் அளந்தேன். அவனும் சத்தியம் பண்ணினான். இரண்டு கார் மெக்கானிக்குகள் வந்து பார்த்துவிட்டு, புது ஸ்பிரிங் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். அந்தக் காருக்குப் புது ஸ்பிரிங்கை எங்கே போய்த் தேடுவது?

போன வாரம் டீக்கடையில் ஜமால் சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னான். "வித்துறலாம்னு இருக்கேன். அவ ஏறாத காரு எனக்கு எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. இடப்பக்கம் வெட்டியவன் நான் அல்லவா? கடைசியாக ஒரு இடம் பார்த்துவிடலாம் என்று கெஞ்சித்தான் அவனைப் பந்தல்குடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். செல்வம் பட்டறையில் நாள் முழுக்க லாரிதான். கார் உள்ளே நுழைந்ததும் அங்கே நின்ற இரண்டு டிரைவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

செல்வம் சிரிக்கவில்லை. சிமென்ட் தரையில் காரை நிறுத்தச் சொல்லி, டேப்பை எடுத்து, சக்கரத்தின் நடுப்பகுதியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தார். இடப்பக்கம் முக்கால் அங்குலம் குறைவு.

"எத வெச்சு அளந்து வெட்டுனீக?"

"மூணு வெரல்" என்றோம், ஒரே குரலில்.

"யாரு வெரலு?"

ஒரு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளாத கேள்வி. அதன் பிறகுதான் கையை நீட்டச் சொன்னார்.

என் விரல்கள் பேனா பிடித்தே வளர்ந்தவை. ஒல்லியாக, ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. டேப்பை வைத்தார். அடுத்து ஜமாலின் கை. அவனுடைய நடுவிரல் கணுவில் முண்டு கட்டி, ஒரு பக்கமாகக் கோணி இருந்தது. எவ்வளவு இறுக்கினாலும் பக்கத்து விரல்களோடு அது சேரவில்லை. செல்வம் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார்.

"உங்க முக்கால் அங்குலம் இங்கன இருக்கு பாருங்க."

பிறகு ஜமாலிடம், "என்னண்ணே ஆச்சு வெரலுக்கு?"

"ஜாக்கி நழுவிருச்சு. அங்கன இருக்கும்போது. அது ஆச்சு பன்னெண்டு வருசம்."

தினமும் அவனோடு டீ குடிக்கிறேன். அந்தக் கையால்தான் அவன் கிளாஸை வாங்குகிறான். விரல் கோணலாக இருப்பது கண்ணில் படாமலா இருந்திருக்கும்? பட்டிருக்கும். என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அவனுடைய அளவு தப்பு என்று மட்டும் ஒரு வருடமாக வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். பட்டறை நடுவில் நின்றுகொண்டு எனக்கு வெட்கமாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். நாம் எதையெல்லாம் உடம்பை வைத்து அளக்கிறோம்? உலைத் தண்ணீரை விரல் கணுவால் அளக்கிறோம். மல்லிகைப்பூவை முழத்தால் வாங்குகிறோம். பூக்காரம்மாவின் முழம் சின்னது என்று சந்தேகமும் படுகிறோம். நம் கை அவர் கையைவிட நீளம் என்று யாராவது யோசித்திருக்கிறோமா? வீட்டிலும் இதே கதைதான். "நான் எவ்வளவு பொறுத்துப்போகிறேன் தெரியுமா?" என்கிறோம். எதிரில் இருப்பவர் பொறுத்ததையும் நம் விரலாலேயே அளந்து குறைத்துவிடுகிறோம். அவர் விரலில் என்ன முண்டு கட்டியிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

சரி, காருக்கு வருகிறேன். இடப்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றி, அடியில் கெட்டியான ரப்பர் அண்டை கொடுத்தார் செல்வம். இடியைத் தாங்கும் ஸ்டாப்பர் ரப்பர் நைந்துபோயிருந்தது, அதையும் மாற்றினார். மாட்டி முடித்ததும் நான் டேப்பை எடுத்தேன். "இருங்கண்ணே" என்றார். "லோடு ஏத்தாம நாங்க மட்டம் பாக்குறதில்ல. ஓட்டுறவுக, பக்கத்துல உக்கார்றவுக, ரெண்டு பேரும் ஏறணும்."

நான் இடப்பக்கக் கதவைத் திறந்தேன்.

"நீ வேணாம்ப்பா" என்றான் ஜமால். போனை எடுத்தான்.

"ஒங்க டங்குடங்கு வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று ரஹ்மத் சொன்னது எனக்கே கேட்டது. ஜமால் தாழ்ந்த குரலில் சொன்னான், "போக வேணாம்மா. நிப்பாட்டுன வண்டியில சும்மா உக்காரு. அது போதும்."

முக்கால் மணி நேரத்தில் பஸ்ஸில் வந்து இறங்கினார். முகத்தில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. செல்வம் நல்ல மனுஷர், ஆனால் ரகசியம் தங்காத மனுஷர். "எல்லாம் அண்ணன் வெரலு பண்ணுன வேலக்கா. ஜாக்கி விழுந்து கோணுனதுல அளவு தப்பிப்போச்சு" என்றார்.

ரஹ்மத் அப்படியே நின்றுவிட்டார். "ஜாக்கியா? கார் கதவுல லேசா நசுங்குச்சுன்னுல்ல சொன்னீக?"

"ஜாக்கின்னா நீ பயந்துருப்ப."

"எத்தன நாள் வேலைக்குப் போகல?"

"மறுநாளே போயிட்டேன்."

ரஹ்மத் கிட்டே வந்தார். அந்தக் கோணல் விரலைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். ஜமால் ஸ்டியரிங் பக்கம் ஏறினான்.

செல்வம் டேப்போடு குனிந்தார். வலப்பக்கம் அளந்தார். இடப்பக்கம் அளந்தார். மறுபடியும் வலப்பக்கம் போனார். நிமிர்ந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

"யக்கா, கொஞ்சம் நேரா உக்காருங்க. இவுக பக்கம் சாஞ்சீகன்னா மட்டம் கெட்டுப்போகுது."

டிரைவர்கள் இப்போது வெளிப்படையாகவே சிரித்தார்கள். ரஹ்மத்தும் சிரித்துவிட்டார். நேராக உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு நூல் பிசகில்லை.

பட்டறை வாசலில் ஒரு வேகத்தடை இருக்கிறது. கார் அதில் ஏறி இறங்கியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டங்கென்ற சத்தம் வரவில்லை. கார் நின்றது. ரஹ்மத் தலையை நீட்டி, "பரளச்சியில எங்க அக்காவப் பாத்துட்டு வாரோம்ண்ணே" என்றார்.

நானும் வருகிறேன் என்று பின்கதவில் கை வைத்தேன்.

"ரெண்டு பேருக்குத்தானண்ணே மட்டம் பாத்துருக்கு?" என்றார் ரஹ்மத். ஜமால் என் பக்கம் திரும்பவே இல்லை. கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டான், துரோகி.

அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். படியில் கூட்டம். பஸ் இடப்பக்கம் நன்றாகவே சாய்ந்துதான் போனது. யார் விரல் என்று நான் கேட்கவில்லை.